அழாத பிள்ளை

ஜூன் 12, திங்கள்

குழந்தைகள் காப்பகத்தில் என் மகள் நறுமுகைக்கு முதல் நாள். வயது பதின்மூன்று மாதம். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஈஸ்வரியக்காவின் கையில் கொடுத்த பிறகும் என் துப்பட்டாவைப் பிடித்த பிடியை அவள் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். ஸ்கூட்டரைக் கிளப்பிப் பெரிய சாலைக்கு வந்த பிறகும் அழுகை கேட்டது போலிருந்தது. கேட்டிருக்க முடியாது, நடுவில் ஒரு மரக்கடை இருக்கிறது, அறுக்கும் சத்தம் ஓய்வதே இல்லை.

கல்லூரி நூலகத்தில் மீண்டும் என் நாற்காலி. யாரோ அதன் உயரத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். புதிதாக வந்த புத்தகங்களுக்கு எண் எழுதி ஒட்டினேன். மதியம் வரை யாரும் என்னைத் தொடவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியில் சொல்ல முடியாது.

மாலையில் கோபியிலிருந்து மரகதம் அண்ணி போன் செய்தார். என் கணவர் பூபதியின் அக்கா.

"அழுதுச்சா?"

"கொஞ்சம்."

"கொஞ்சமா, நெறையாவா?"

"முதல் நாள் எல்லாக் குழந்தையும் அழும் அண்ணி."

"எல்லாக் குழந்தையயும் நான் கேக்கலையே கண்ணு."

ஜூன் 14, புதன்

இன்றும் அழுதாள். காப்பகத்தின் எதிர் வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் கையில் மாவோடு நிமிர்ந்து என்னையே பார்த்தாள்.

ஜூன் 18, ஞாயிறு

அண்ணி வந்திருந்தார். ஒரு தார் கதலி, தேங்காய், தன் கையால் இடித்த சத்துமாவு. கோபிக்குப் பக்கத்தில் அவருக்கும் மாமாவுக்கும் மஞ்சள் காடு இருக்கிறது. குழந்தை இல்லை. வைத்தியம் பார்த்ததையும் நிறுத்திவிட்டார்கள். என் மாமியார் உயிரோடு இல்லை. என் அம்மா திருச்சியில் படுக்கையில் கிடக்கும் அப்பாவை விட்டு நகர முடியாது. ஆக, நறுமுகையைப் பற்றிப் பேச உரிமை உள்ள ஒரே பெண் தான்தான் என்று அண்ணி நினைக்கிறார். என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"ஸ்கூல் போற வயசு வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும். அப்பறம் கூட்டிட்டு வந்துக்கங்க. ஊர்ல யாரும் செய்யாததையா சொல்றேன்? இவனே எங்க அத்தை ஊட்லதான் வளந்தான்."

"நல்லாத்தானே வளந்தேன்" என்றார் பூபதி.

"அதை நான்தானே தினமும் பாக்கறேன்" என்றேன். பூபதி சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை.

"அங்க ஒருத்தி ஒம்பது புள்ளையப் பாக்கறா. நம்ம பாப்பா அவளுக்கு ஒம்பதுல ஒண்ணு. எனக்கு அப்படியா?"

"ஒன்பது பேரோட இருந்தா விட்டுக்கொடுக்கப் பழகுவா அண்ணி. பேச்சு சீக்கிரம் வரும். இதைப் பத்தி நிறைய ஆராய்ச்சி இருக்கு."

"உனக்குப் பேச வாய் இருக்குது, எடுத்துக் காட்டப் புஸ்தகம் இருக்குது. பாப்பாவுக்கு அழுகை ஒண்ணுதான் இருக்குது. அது என்ன சொல்லுதுன்னு ஒரு நாளைக்கு நின்னு கேளு."

கடைசியில் பூபதி தீர்ப்புச் சொன்னார். "ஆடி முடியட்டும். அதுக்குள்ள வாசல்ல அழறது நின்னுருச்சுன்னா இங்கயே இருக்கட்டும். நிக்கலைன்னா அக்கா கூட்டிட்டுப் போகட்டும். அதுக்கப்பறம் ரெண்டு பேரும் இதப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது." பம்ப் கம்பெனியில் சோதனை ஓட்டம் பார்க்கும் வேலை அவருக்கு. மோட்டாருக்கு வைக்கிற பரீட்சையையே மகளுக்கும் வைத்துவிட்டார். அண்ணி சரி என்றார். நானும் சரி என்றேன்.

ஜூன் 26, திங்கள்

நறுமுகைக்குச் சளி, லேசான காய்ச்சல். லீவு போட்டு டாக்டரிடம் காட்டினேன். சளிக்கு ஒரு சிரப் எழுதினார். "கொஞ்சம் தூக்கமா இருப்பா. பயந்துராதீங்க."

தூங்கினாள். சாயங்காலம் படுத்தவள் விடியும் வரை அசையவில்லை. மூக்கருகே விரலை வைத்து இரண்டு முறை பார்த்தேன். பிறகு ஒரு நாவலை எடுத்து அத்தியாயம் முழுவதும் படித்தேன். அவள் பிறந்த பிறகு ஓர் அத்தியாயத்தை நிறுத்தாமல் படித்தது இதுவே முதல் முறை. கதை துக்கமானது. எனக்கோ சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 1, சனி

சளி விட்டுவிட்டது. போர்வைகளைத் துவைத்துக் காயப்போட்டேன். மருந்து பாதிப் பாட்டில் இருக்கிறது. மழைக்காலம், எறிய வேண்டாம்.

ஜூலை 5, புதன்

இன்று வாசலில் அழவில்லை. கொடுத்ததும் ஈஸ்வரியக்காவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "என்னடா தங்கம், அக்காகிட்ட ஒட்டிக்கிட்டயா" என்று அவர் முதுகைத் தட்டினார். எதிர் வீட்டுப் பெண்ணும் பார்த்தாள். பார்க்கட்டும்.

பூபதிக்கு உடனே போன் செய்தேன். அக்காவிடம் அவரே சொல்லட்டும் என்றேன்.

காலையில் மறக்கக் கூடாதவை: பருப்புச் சாத டப்பா, மாற்றுத் துணி, தண்ணீர் பாட்டில், தொப்பி, மருந்து, பெட்ரோல்.

ஜூலை 11, செவ்வாய்

நூலகத்தில் உடன் வேலை பார்க்கும் ஜெசிந்தாவோடு பேச்சு. நான்கு வருடம் மாமியாரிடம் பிள்ளையை விட்டிருந்தவள். "எம் பையன் இன்னிக்கும் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடறான் அகல்யா. அங்க எல்லாரும் ஜெசின்னு கூப்பிட்டாங்களா, அதையே புடிச்சுக்கிட்டான். மாமியார்தான் அம்மா. முதல்ல எல்லாரும் சிரிச்சோம்." சொல்லிவிட்டு அட்டைகளை அடுக்கினாள். அடுக்கியதையே கலைத்துத் திரும்ப அடுக்கினாள்.

மதியம் குழந்தை வளர்ப்பு அலமாரியின் முன் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்று வயது வரை தாய் பிரியக் கூடாது என்று ஒன்று. பிரிந்து பழகாத குழந்தை பயந்தாங்கொள்ளியாக வளரும் என்று இன்னொன்று. அழ விடு என்கிறது ஒன்று, அழ விடாதே என்கிறது அதற்கு அடுத்தது. எல்லாம் நல்ல தாளில் அச்சிட்டவை. எழுதியவர்களில் ஒருவர்கூடக் காலை எட்டரை மணிக்குப் பிள்ளையோடு ஒரு கேட்டின் முன் நின்றதாகத் தெரியவில்லை.

ஜூலை 19, புதன்

மருந்துக் கடைக்காரர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "இன்னுமாங்க சளி விடல? டாக்டர்கிட்ட ஒருக்காக் காட்டிருங்க."

காட்டிவிட்டேன் என்று சொன்னேன். இனி ரயில்வே கேட் பக்கத்துக் கடைக்குப் போகலாம். அங்கே பழங்களும் நன்றாக இருக்கின்றன.

ஜூலை 28, வெள்ளி

கூட்டிவரப் போனபோது ஈஸ்வரியக்கா கேட் வரை கூடவே வந்தார்.

"பாப்பா வந்ததும் தூங்கிருதுங்க மேடம். மத்ததெல்லாம் மணல்ல வெளையாடறப்ப இது செவுத்துல சாஞ்சுட்டே உக்காந்திருக்குது. ராத்திரி தூங்கறதில்லைங்களா?"

"பல் முளைக்குது. ராத்திரியெல்லாம் படுத்தறா."

"ரெஜினா மேடம்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருக்கேனுங்க." ரெஜினா மேடம் காப்பகத்தின் உரிமையாளர்.

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. ஆனாலும் வீடு வரும் வரை எனக்குக் கோபமாக இருந்தது. என் பிள்ளையைப் பற்றி எனக்கே சொல்ல எத்தனை பேர்.

நறுமுகை இன்னும் நடக்கவில்லை. பதினெட்டு மாதம் வரை பொறுக்கலாம் என்று புத்தகத்தில் இருக்கிறது.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. அண்ணி முந்தின நாளே வந்துவிட்டார். சமையலுக்காக நான் லீவு போட்டிருந்தேன். காலையில் காப்பகத்துக்குத் தானும் வருவேன் என்று ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டார். நடுவில் நறுமுகை. கேட்டில் கொடுத்தோம். அழுகை இல்லை, சிணுங்கல்கூட இல்லை. ஈஸ்வரியக்காவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அண்ணி கேட்டுக்குள் எட்டிப் பார்த்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"நாந்தான் தப்பா நெனச்சுட்டேன் கண்ணு" என்றார். "நல்லாத்தான் வெச்சிருக்காங்க. அழுகையே இல்லையே."

திரும்பும் வழியில் அவர் என் தோளில் வைத்திருந்த கை மட்டும் கனத்தது. மதியம் பூபதி தேங்காய்ப்பால் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் ஜெயித்துவிட்டேன். சாயங்காலம் பாத்திரம் துலக்கும்போது ஏனென்றே தெரியாமல் அழுகை வந்தது. குழாயைத் திறந்து விட்டேன்.

"ஆவணில காது குத்திரலாம்" என்று அண்ணி கிளம்பும்போது சொன்னார். "அதையாவது நான் பாக்கறேனே."

ஆகஸ்ட் 18, வெள்ளி

ஆடி முடிந்தது. நறுமுகை இங்கேயே இருக்கிறாள். மருந்தைப் பரண் மேல் போட்டேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

வாசலில் பெரிய அழுகை. முதல் நாள்கூட இப்படி இல்லை. முதுகை வில்லாக வளைத்து, மூச்சை அடக்கி, முகம் கறுத்துப்போய். எதிர் வீட்டுப் பெண் வெளியே வந்து, "என்னாச்சுங்க, நல்லாத்தானே போய்ட்டிருந்தா" என்றாள். நாள் முழுவதும் எனக்குத் தலைவலி.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

அழவில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

கோபி மருத்துவமனையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போது நன்றாக மூச்சு விடுகிறாள். வரிசையாக எழுதினால் மனம் அடங்கும்.

விடியும் முன்பே காரில் கிளம்பினோம். வழியில் வாந்தி எடுக்கக் கூடாது என்று கிளம்பும் முன் மருந்து கொடுத்தேன். குலதெய்வக் கோயிலில் மேளச் சத்தம், கூட்டம், வெயில். மொட்டைக்கு உட்கார வைக்கும் முன் இன்னொரு முறை கொடுத்தேன். பூபதியின் சொந்தம் அத்தனையும் சுற்றி நிற்கும்போது அவள் அலறுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

என் தம்பி, தாய்மாமன் என்ற முறையில் மடியில் வைத்துக்கொண்டான். மொட்டை அடிக்கும்போது அவள் தலை அவன் கையில் தொய்ந்து கிடந்தது. "இத்தனை அடக்கமான புள்ளைக்கு நான் மொட்டை போட்டதே இல்லைங்க" என்றார் மொட்டை போட்டவர். எல்லோருக்கும் பெருமை. சந்தனம் தடவினார்கள். ஆசாரி காதில் மையால் புள்ளி வைத்துக் குத்தினார். உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது, உதடு மட்டும் கோணியது. அடுத்த காது. அதற்கு ஒன்றுமே இல்லை. ஒரு சொட்டு ரத்தம் கழுத்து வரை இறங்கிவந்தது.

"மாமன் மடி அவ்ளோ சொகமாட்டிருக்குது" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

"சிரிக்காதீங்க" என்றார் அண்ணி. முன்னால் வந்து குனிந்து நறுமுகையின் உள்ளங்காலை நகத்தால் கிள்ளினார். இன்னொரு முறை கிள்ளினார். இமையைத் தூக்கிப் பார்த்தார். "காது குத்தறப்ப அழாத கொழந்தைய நான் பாத்ததில்ல. பூபதி, வண்டிய எடு."

இலை போட்டிருந்தார்கள். யாரும் உட்காரவில்லை.

டாக்டர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்ன மருந்து குடுத்தீங்க?"

நான் வாய் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார். "காப்பகத்துல குடுத்திருக்காங்க டாக்டர். தூங்க வெக்கறதுக்கு. வாரம் பூரா அங்கதான் கெடக்குது. நான் அப்பவே சொன்னேன், யாரு கேட்டாங்க."

"அந்த மாதிரிதான் இருக்கு. ரொம்ப நாளா உள்ள போயிருக்கலாம். தெளியற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

பூபதி சுவரில் கையை ஓங்கிக் குத்தினார். அண்ணி தரையில் உட்கார்ந்து அழுதார். நான் ஏதோ சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 28, திங்கள்

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காப்பகம் விடுமுறை. சனிக்கிழமை மதியத்திலிருந்து அவள் என்னோடுதான் இருந்தாள். இதை யாரும் யோசிக்கவில்லை. பெற்றவள் கொடுத்திருப்பாள் என்று இவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனை நாள் என்னைக் குறை சொன்ன அண்ணிக்குக்கூட.

காலையில் மூவரும் நேராகக் காப்பகத்துக்குப் போனோம். மொட்டைத் தலையோடு நறுமுகை அண்ணியின் தோளில். பூபதி போட்ட சத்தத்தில் உள்ளே இருந்த குழந்தைகள் அழத் தொடங்கின. ரெஜினா மேடம் கைகூப்பிக்கொண்டே நின்றார்.

"நான் எதுவும் குடுக்கலைங்க" என்றார் ஈஸ்வரியக்கா. "காலைல வர்றப்பவே தூங்கிட்டுத்தானுங்க வருது. மேடம்கிட்டக்கூடச் சொன்னேனே. சொன்னேனில்லைங்க மேடம்?"

என்னைத்தான் கேட்டார்.

நான் குனிந்து நறுமுகையின் பையில் துணிகளை அடுக்கினேன். தொப்பி, டப்பா, தண்ணீர் பாட்டில். பையின் ஜிப் மாட்டிக்கொண்டது. அதையே இழுத்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தியா, பெத்தவளுக்குப் பேச்சே வரல" என்றார் அண்ணி ஈஸ்வரியக்காவைப் பார்த்து. "நீயும் புள்ளை பெத்தவதானே?"

ஈஸ்வரியக்காவை அங்கேயே வேலையை விட்டு நிறுத்தினார்கள். போலீஸுக்குப் போக வேண்டாம் என்று ரெஜினா மேடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். மதியம் அண்ணி நறுமுகையோடு கோபி பஸ் ஏறினார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. வாசலில் அழாத பிள்ளையைக் காட்டித்தானே இத்தனை நாள் வாதாடினேன்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

வேலைக்குப் போனேன். புத்தகங்களுக்கு எண் ஒட்டினேன்.

செப்டம்பர் 2, சனி

வீடு சுத்தமாக இருக்கிறது. படிக்க நேரம் இருக்கிறது. ஒரு பக்கத்தைப் படித்து முடித்ததும் அதில் என்ன இருந்தது என்பது நினைவில் இல்லை. பூபதி என்னைத் தாங்குகிறார். "நீ என்ன பண்ணுவே, நம்பித்தானே விட்டோம்" என்கிறார். அவர் அப்படிச் சொல்லும்போது எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறேன்.

செப்டம்பர் 9, சனி

விடுமுறை. பூபதி ஷிஃப்டுக்குப் போயிருந்தார். காலை பதினொரு மணி வாக்கில் அண்ணி கூப்பிட்டார்.

"மாமா காட்டுக்குப் போயிருக்கார். அதான் இப்பக் கூப்பிட்டேன்." குரல் கம்மிப்போயிருந்தது. பின்னால் நறுமுகையின் அழுகை கேட்டது. "பாப்பா தூங்கவே மாட்டீங்குது அகல்யா. தோள்லயே கெடக்குது, எறக்கினா அலறுது. வந்ததுல இருந்து நானும் கண்ண மூடல. நேத்து கட்டில்ல பொத்துன்னு போட்டுட்டேன். நானா அப்படிப் போட்டேன்னு நம்பவே முடியல. மாமாகிட்டச் சொல்ல முடியுமா? நாந்தானே வேணும் வேணும்னு தூக்கிட்டு வந்தேன்."

"அழாதீங்க அண்ணி."

"நீ எப்படித் தூங்க வெச்சே? வேலைக்கும் போய்ட்டு?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"மருந்துக் கடைல கேட்டேன். சளி மருந்து ஒண்ணு குடுத்திருக்காங்க. ஒரு வேளை குடுத்தா ஒண்ணும் ஆகாதாம். அந்தக் காப்பகத்துக்காரி குடுத்த மாதிரி இல்ல, ஒரே ஒரு வேளை. நீ படிச்சவ, உனக்குத் தெரியும்னு கேக்கறேன். குடுக்கட்டுமா?"

சரி என்று சொல்லியிருக்கலாம். கொடுத்துவிட்டால் அண்ணியால் இனி என்னை ஒரு சொல் சொல்ல முடியாது. பிள்ளைகூடத் திரும்பி வந்துவிடலாம். இதையெல்லாம் நான் நினைத்தேன். அழுகை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"குடுக்காதீங்க அண்ணி. நான் குடுத்தது அதுதான்."

"எது?"

"அந்த சளி மருந்துதான். நான்தான் குடுத்தேன். ஜூலைல இருந்து. காது குத்தின அன்னிக்கு ரெண்டு தடவை."

தோளை மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பார் போல, நறுமுகையின் குரல் ஒரு கணம் விலகிப் பக்கத்தில் வந்தது.

"அப்ப அந்த ஈஸ்வரி?"

"அவங்க எதுவும் குடுக்கல."

"ஏன்டி?" என்றார். இதுவரை என்னை டி போட்டதில்லை.

"வாசல்ல அழாம இருக்கறதுக்கு."

போனை வைத்துவிட்டார்.

செப்டம்பர் 10, ஞாயிறு

பூபதியிடம் நானே சொன்னேன். அதற்குள் அண்ணி சொல்லியிருப்பார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். "ஆடி முடியட்டும்னு நான்தானே சொன்னேன்" என்றார். பிறகு, "அந்தம்மாவ நான் என்ன பேச்சுப் பேசினேன். நீ பக்கத்துல நின்னுட்டுத்தானே இருந்தே" என்றார். வெளியே போய், கிளப்பாமலே பைக்கின் மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

செப்டம்பர் 11, திங்கள்

ரெஜினா மேடத்திடம் போய்ச் சொன்னேன். நான் பேசி முடிப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டார். வேறு ஆளை வைத்துவிட்டாராம். இருந்தாலும் கூப்பிட்டுப் பேசுகிறேன் என்றார். ஈஸ்வரியக்காவின் வீட்டுக்கும் போனேன். நூல் மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கதவருகே நின்றே கேட்டார்.

"இப்ப வந்து சொல்றீங்க. அன்னிக்கு உங்க மூஞ்சியத்தான் நான் பாத்துட்டு நின்னேன்."

"தப்புதான்."

"என்ர மகளோட காலேஜ் வரைக்கும் பேச்சுப் போயிருச்சு மேடம். நீங்க ஒவ்வொருத்தர் ஊட்டுக்கும் போய்ச் சொல்வீங்களா?" கதவைப் பூட்டினார். "வழிய விடுங்க. பஸ் போயிரும்."

வழி விட்டேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு

கோபிக்கு நான் மட்டும் போனேன். வரலாம் என்று அண்ணி பூபதியிடம் சொல்லியிருந்தார். நறுமுகைக்கு லேசாக முடி முளைத்திருக்கிறது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கிறாள். இரண்டு நாளாகக் கொஞ்சம் தூங்குகிறாளாம். மாமா என்னிடம் வாங்க என்றார். அப்படியே காட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

இனி அவள் எங்கே இருப்பாள் என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

மதியம், "நான் ஊட்டட்டுமா அண்ணி?" என்று கேட்டேன். தலையசைத்தார். அவர்கள் சமையலறையில் நானே பருப்புச் சாதம் குழையப் பிசைந்தேன். நெய் விட்டேன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தபோது அண்ணி கையை நீட்டினார். கொடுத்தேன். அதில் ஒரு வாய் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். விழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு நறுமுகையை மடியில் எடுத்து அவரே ஊட்டினார்.

அதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கிண்ணம் காலியாகும் வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.